மலைப்பொடியும் ஒரு சந்தேகப் பிராணியும்

1

பெர்லினுக்கு வந்து பத்து வருடம் முடிந்த அன்று அலுவலகத்தில் என் மேசைமேல் ஒரு கேக் இருந்தது. மேலே வெள்ளைக் கிரீமில் என் பெயர். சேகர் என்பதை அவர்கள் வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தார்கள். பத்து வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கிறேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒரு நெருடல். இவர்கள் சும்மா கேக் கொடுக்கிற ஆட்கள் இல்லையே!

சாயங்காலமே விஷயம் வெளியே வந்தது. மேலாளர் வந்து தோளில் கை வைத்து, அடுத்த மாதத்திலிருந்து சனி, ஞாயிறும் கொஞ்சம் வர முடியுமா என்று கேட்டார். அவர்கள் கொடுத்த இனிப்பு இன்னும் வாயில் இருந்தது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஊரில் எனக்குச் சந்தேகப் பிராணி என்றே பெயர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மண்டபத்துக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டுதான் சட்டை மாற்றுவேன். என் கல்யாணத்துக்கே அப்படித்தான் செய்தேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அது பொய். மண்டபக்காரரிடம் மின்சாரம் இருக்குமா என்று மட்டும்தான் கேட்டேன்.

கேக்கின் மிச்சத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு ரயிலில் வரும்போது கைபேசி அதிர்ந்தது. 'நம்ம வூடு' என்கிற எங்கள் குடும்பக் குழுவில் அக்கா ஒரு படம் போட்டிருந்தாள். முகம் இல்லை, பூ இல்லை, கோயில் இல்லை. அவளுடைய வலது கால் கட்டைவிரல். அதில் ஒரு புண்.

2

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஊரில் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்பேன். உண்மையில் சந்தேகப்படுவதுதான் என் வேலை. யாரோ தமிழில் ஒரு பதிவைப் போடுகிறார்கள். வேறு யாரோ அதன்மேல் புகார் கொடுக்கிறார்கள். அது என் திரைக்கு வருகிறது. இருக்கட்டும், எடுத்துவிடு என்று இரண்டு பொத்தான்கள். சாயங்காலம்வரை இதேதான். பிறவிக் குணத்துக்குச் சம்பளம் கிடைக்கிறவர்கள் உலகத்தில் குறைவு.

சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் அய்லா, துருக்கிக் குடும்பத்துப் பெண். மனிதர்களை இணங்க வைக்க இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, ஆதாரத்தை எடுத்து வைத்து யோசிக்க விடுவது. அது சுற்று வழி. இன்னொன்று குறுக்கு வழி. யார் சொல்கிறார், அவர் முகம் எப்படி இருக்கிறது, எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள் என்று காட்டினாலே போதும். களைத்தவனும் பயந்தவனும் குறுக்கு வழியில்தான் போவார்கள். இலவசமாக எதையாவது கொடு, வாங்கியவன் கடமைப்பட்டுப் போவான். முதலில் சின்ன விஷயத்துக்குத் தலையாட்ட வை, பெரிய விஷயத்துக்கும் ஆட்டுவான். இன்றோடு தீர்ந்துவிடும் என்று சொல், ஓடி வருவான்.

பின்வரிசையில் உட்கார்ந்து நான் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்றார் அய்லா. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்றவரைப் பற்றிச் சொன்னேன். கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்தத் துண்ட கொஞ்சம் புடிங்க" என்பார். துண்டைப் பிடித்தவர் கீழே போடவும் முடியாமல், கிளம்பவும் முடியாமல் நிற்பார். கடைசியில் முதல் டப்பாவை வாங்குகிறவர் அவராகத்தான் இருப்பார். என் அப்பாவே ஒருமுறை துண்டு பிடித்திருக்கிறார். அய்லா அதைத் தன் அடுத்த வகுப்புகளில் சேர்த்துக்கொண்டார். என் அனுமதியைக் கேட்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. செய்தி நேராக எல்லோரிடமும் போய்ச் சேருவதில்லை. ஊரில் நாலு பேர் மதிக்கிற ஒருவர் காதில் முதலில் விழுகிறது, அவர் வாயிலிருந்துதான் மற்றவர்களிடம் இறங்குகிறது. எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் அக்கா. எந்தக் கடையில் புடவை எடுப்பது, எந்தப் பையனுக்குப் பெண் கொடுப்பது, எந்தக் காய்ச்சலுக்கு என்ன கஷாயம், எல்லாம் அவள் வாயிலிருந்துதான் இறங்கும்.

3

அக்கா பெயர் வளர்மதி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் ஊரான கச்சிராயபாளையத்திலேயே ஏழுமலை மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தது. கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற கரும்பு நிலம். வெட்டு முடிந்த வயலில் நடக்கும்போது கரும்புக் கட்டை ஒன்று செருப்பைத் தாண்டி விரலில் குத்தியிருக்கிறது. குத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் ஆறவில்லை. அவளுக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: மலைப்பொடி சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து புண் ஆறிக்கொண்டு வருகிறது, எல்லோரும் வாங்கிச் சாப்பிடுங்கள். கூடவே கை கூப்பிய படம். கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகக் கை கூப்பியிருந்தார்கள். நான் படத்தை விரல்களால் பெரிதாக்கினேன். ஓரத்தில் கறுத்திருந்தது. ஆறுகிற புண் அப்படி இருக்காது.

எனக்கு அந்தக் கறுப்பு தெரியும். அப்பாவுக்கும் அப்படித்தான் விரலில் ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வெகு நாள் இருக்கவில்லை.

ரயிலிலிருந்து இறங்கியதும் பிளாட்பாரத்தில் நின்றபடியே கூப்பிட்டேன்.

"அக்கா, மாத்திர போடறியா இல்லியா?"

"வுட்டுட்டன்டா. பொடியும் மாத்திரையும் ஒண்ணா சாப்டக் கூடாதாம்."

"யார் சொன்னது?"

"குருப்புல சொன்னாங்க."

"எந்த குரூப்புல? அவன் டாக்டரா?"

"நீ டாக்டரா?" என்றாள்.

மாமா பக்கத்தில்தான் இருந்தார் போலிருக்கிறது. "மாப்ள, நான் சொல்லி சலிச்சிட்டேன். நீயே பேசு" என்று தூரத்திலிருந்து ஒரு குரல். அவர் எப்போதும் இப்படித்தான், பிரச்சினையை ஒழுங்காக மடித்து அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார்.

4

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மலைப்பொடி விற்கிறவர்களின் காணொளிகளைத் தேடிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க என் சந்தேகத்துக்குத் தீனி கூடிக்கொண்டே போனது.

பச்சைத் துண்டு போட்ட ஒருவர் அருவிக்கு முன்னால் நிற்கிறார். "என் உறவுகளே" என்று ஆரம்பிக்கிறார். முதல் காணொளியில் எதையும் விற்கவில்லை. உங்கள் அம்மாவைப் பிடிக்கும் என்றால் கீழே 'ஆம்' என்று எழுதுங்கள், அவ்வளவுதான். எந்தத் தமிழன் இல்லை என்பான்? லேகியக்காரர் பிடிக்கக் கொடுத்த துண்டு இதுதான். ஆம் என்று எழுதியவர்களைக் குழுவில் சேர்க்கிறார்கள். சேர்ந்தவர்களுக்கு ஒரு சின்னப் பொட்டலம் இலவசமாக வீட்டுக்கு வருகிறது. கூடவே குங்குமமும் வருகிறது. குங்குமம் கொடுத்தவனை வெறுங்கையோடு அனுப்புவது எப்படி? பிறகு சாட்சிகள். திருநாவலூர் பக்கத்து அம்மா ஒருவர் அழுதுகொண்டே பேசுகிறார், ஊன்றுகோலைத் தூக்கி எறிகிறார். கடைசியில் ஒரு அறிவிப்பு: இந்தப் பௌர்ணமிக்கு இடித்த பொடி தீர்ந்தால் அடுத்த பௌர்ணமி வரை கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே, பொடி இறங்கி வருகிறதாக அவர் சொல்கிற மலையின் பெயர். எங்கள் பக்கத்தில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற பொருளுக்குத் தனி மரியாதை. மலையாட்கள் கடுக்காயும் தேனும் சாமையும் கொண்டுவந்து சந்தையில் வைத்தால் கீழ்நாட்டுக்காரர்கள் பேரம் பேச மாட்டார்கள். கரும்பு விலைக்குத் தொண்டை கிழியக் கத்துகிறவர்கூட அங்கே சொன்னதைக் கொடுத்துவிட்டு வருவார். மலைக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்பது எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பச்சைத் துண்டுக்காரர் மலைக்காரர் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையை அப்படியே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மலையில் உண்மையாகக் கடுக்காய் பொறுக்குகிற ஜனங்களுக்கு இப்படி ஒருவன் தங்கள் பெயரில் கடை போட்டிருப்பது தெரியுமோ என்னவோ. எனக்கு வந்த கோபத்தில் பாதி அதற்காக.

நான் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தேன். 'இன்று காலை கல்வராயன் மலைக் கரியாலூரிலிருந்து' என்று போட்ட காணொளியில் அருவி பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. அது சித்திரை மாதம். சித்திரையில் நம் அருவியில் ஒரு குடம் பிடிக்கவே காத்திருக்க வேண்டும். அது வேறு எங்கோ இருக்கிற அருவி. துள்ளிக் குதித்தேன். உடனே அக்காவுக்கு அனுப்பினேன்.

பதில் குரலில் வந்தது. "தண்ணி எந்த ஊர்ல வுழுந்தா இன்னாடா? பொடி நல்லாதான கீது."

5

அடுத்த இரண்டு வாரம் நான் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கினேன். மருத்துவர்கள் பேசும் காணொளிகளை அனுப்பினேன். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு விளக்கப்படம் அனுப்பினேன். அக்கா அதற்கும் கை கூப்பினாள், பார்க்கவில்லை. குழுவில் எல்லோருக்கும் முன்னால், இது பச்சை மோசடி, யாரும் ஏமாறாதீர்கள் என்று எழுதினேன். அன்று இரவு சித்தி மகன் ஒருவன் எனக்குத் தனியாக, "அண்ணா, அக்கா மனசு கஷ்டப்படுது" என்று அனுப்பினான். மறுநாள் அக்கா இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கிவிட்டாள். அழுத்த அழுத்த எதிர்ப்பக்கம் சாய்வார்கள் என்று அய்லா சொன்னதை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். பாடத்தைப் படித்தவன் பரீட்சையில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த கதைதான்.

அந்தக் காணொளிமேல் நானும் ஒரு சாதாரண ஆளாகப் புகார் கொடுத்தேன். என் அலுவலகம் கையாளுகிற தளம் அது இல்லை. ஆனால் எங்களைப் போலவே அங்கேயும் ஒருவர் இரண்டு பொத்தான்களோடு உட்கார்ந்திருப்பார். பதில் வந்தது: உங்கள் அக்கறைக்கு நன்றி, இது எங்கள் விதிகளை மீறவில்லை. நான் மற்றவர்களுக்கு அனுப்பச் சொல்லி அமுக்குகிற அதே நடை, அதே நன்றி. படித்துப் பார்க்காமலே அமுக்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கூட்டம் அதிகமான நாளில் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எப்படி அமுக்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. செய்தேன். அதற்கும் நன்றி சொன்னார்கள்.

என் மகள் இனியா பத்தாம் வகுப்பு. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஜெர்மன் மொழி ஒரு கதவு மாதிரி. அவள் பக்கம் திறக்கும், என் பக்கம் கொஞ்சம் இறுகும். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அத்தையை அவளுக்குத் திரையில் தெரியும், இரண்டு கோடை விடுமுறையில் நேரில் தெரியும். நான் கைபேசியோடு புலம்புவதைப் பார்த்துவிட்டு, அவர்கள் பள்ளியில் விளம்பரங்களைப் பற்றி ஒரு பாடம் நடந்ததாகச் சொன்னாள். விளம்பரத்தால் நீங்கள் மாறுவீர்களா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்களாம். மற்றவர்கள் மாறுவார்களா என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்களாம். ஏமாறுகிறவன் எப்போதும் மூன்றாவது ஆள்தானாம்.

"அது சரி. ஊர் ஜனங்களைப் பார்த்தாலே தெரியுதே" என்றேன்.

இனியா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு அதிசயமாகத் தமிழில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற சுத்தத் தமிழில் சொன்னாள்: "அப்பா, நீங்கள் யாரையும் நம்புவதில்லை. ஆனால் எல்லோரும் உங்களை நம்ப வேண்டும் என்கிறீர்கள்."

தமிழ் வகுப்புக்கு அனுப்பியது இதற்குத்தான் என்று தோன்றியது.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவே கூப்பிட்டாள். வீடியோவில் இல்லை, குரல் மட்டும். காலைக் காட்டச் சொல்வேன் என்று பயந்திருப்பாள். நான் நேராக அதற்கே போனேன். அப்பாவை நினைத்துப் பார் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்பாவ நெனச்சிதான்டா சொல்றேன்" என்றாள். "அப்பா மாத்திர சாப்டாரா இல்லியா? ஆஸ்பத்திரிக்குப் போனாரா இல்லியா? ரெண்டு காலோட போனாரு, ஒத்தக் காலோட வந்தாரு. நீ அப்ப எங்க இருந்த? நான்தான் கட்டு மாத்தினேன். எனக்கு யாரும் படம் போட்டுக் காட்டல, கண்ணால பாத்தேன்."

அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, மூன்று நாள் போட்டால் நாலு நாள் விடுவார், அதனால்தான் என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"அந்த குருப்புல ஒரு பொண்ணு கீது. தெனம் காலைல கேக்குது, அம்மா சாப்டீங்களா, கால் வலி கம்மியா, தூங்கினீங்களான்னு. அது சம்பளத்துக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நான் இன்னா அவ்ளோ மக்கா? ஆனா கேக்குதுடா. நீ ஒரு நாள் கேட்டியா? நீ லிங்க் அனுப்பிக்கினே கீற."

அவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்க. கொரோனா வந்தப்ப ஊசி போட்டுக்கலாமான்னு கேட்டேன், சந்தேகம்ன. அணை தொறக்கறாங்கன்னு மெசேஜ் வந்துது, பொய்யின்ன, தொறந்தாங்க. கோயில் திருவிழா தேதி போட்டதுக்கே எவன் போட்டான்னு கேட்ட. எல்லாத்தையும் பொய்யின்னு சொல்றவன் இத மட்டும் பொய்யின்னு சொன்னா நான் எப்பிடிடா தெரிஞ்சிக்கிறது?"

வைத்துவிட்டாள். நான் வெகு நேரம் பால்கனியில் நின்றேன். பத்து வருடமாக எல்லாவற்றுக்கும் ஒரே மணியை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். உண்மையாகவே வீடு பற்றிக்கொண்ட அன்று அதே மணியை அடித்தால் யார் எழுந்து வருவார்கள்? எனக்குத் துக்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவள் காலை எடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

7

போனை வைப்பதற்கு முன்னால் அக்கா கேட்ட ஒரு கேள்வியை நான் மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். "உனக்குச் சக்கர கீதா இல்லியா? டெஸ்ட் எடுத்தியா?"

எடுக்கவில்லை. இங்கே மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் வருடம் தவறாமல் கடிதம் போடுவார்கள், பொதுப் பரிசோதனைக்கு வாருங்கள், இலவசம் என்று. இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் கிழித்துப் போடுவேன். வரச் சொல்லி ஏதாவது கண்டுபிடித்து ஆயுளுக்கும் மாத்திரை விற்பார்கள் என்பது என் கட்சி. அப்பாவுக்கு இருந்தது, அக்காவுக்கு இருக்கிறது, எனக்கு வயது நாற்பத்தெட்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் கிழித்தேன்.

மறுநாள் போனேன். அவளிடம் அடுத்த முறை பேசும்போது எனக்கு இல்லை என்று கெத்தாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் போனேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பதை, எனக்குச் சர்க்கரை வேண்டும் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப மரியாதையாகத் தெருவுக்கு எதிரே இருக்கிற சூப்பர் மார்க்கெட்டைக் காட்டினார். பத்து வருட வாழ்க்கைக்கு இதுதான் பட்டம். பிறகு காப்பீட்டு அட்டை, முகவரி மாறிய பதிவு, முந்தைய மருத்துவர் யார் என்கிற கேள்வி. முந்தைய மருத்துவர் யாருமில்லை என்பதை அந்தக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ள மறுத்தது.

இரண்டு நாள் கழித்து மருத்துவர் சொன்னார், இருக்கிறது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே இருக்கிறது, சில வருடமாக இருந்திருக்க வேண்டும்.

நான் அந்தப் பரிசோதனைக் கூடத்தைச் சந்தேகப்பட்டேன். வேறொரு மருத்துவரிடம் போய் மறுபடி எடுத்தேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டிருக்க வாய்ப்பில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னொரு நாள் பிடித்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்து சமையலறை அலமாரியில் வைத்தேன். பிரிக்கவில்லை.

மூன்றாவது ஆள் என்று இனியா சொன்னது ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

8

அக்காவை நான்தான் கூப்பிட்டேன், வீடியோவில். எடுத்தாள். கரும்புத் தோட்டத்துப் பக்கம் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பகலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சாப்டியாக்கா?" என்றேன். எனக்கே வேற்றாள் குரல் மாதிரி இருந்தது.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "இன்னாடா, புதுசா கேக்கற?"

"எனக்கும் சக்கர இருக்குதாம்."

அவள் முந்தானையை வாயில் வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்குக்கூட அழாதவள்.

"ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

"மாத்திர குடுத்தாரா? போட்டியா?"

"போடல. எனக்கும் அந்தப் பொடிய அனுப்புக்கா. நானும் அதையே சாப்டறேன்."

இதை நான் தந்திரமாகச் சொன்னேன் என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். இந்தத் தொழிலில் இருக்கிறவன், இணங்க வைக்கிற வித்தை படித்தவன், தலைகீழாகத் திருப்பிப் போட்டான் என்று நினைக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் அந்த நிமிடம் நான் பயந்துபோயிருந்தேன். ஆயுள் முழுவதும் மாத்திரை என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள், ஒரு மண்டலத்தில் சரியாகும் என்று ஒருவன் அருவிக்கு முன்னால் நின்று சிரிக்கிறான். யார் பேச்சைக் கேட்க ஆசையாக இருக்கும்? அந்தப் பொடி எனக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. எல்லா ஓட்டையையும் கண்டுபிடித்தவனுக்கும் வேண்டியிருந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

அக்கா உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை.

"அது உனக்கு வேணாம்டா. நீ டாக்டர் குடுத்ததையே போடு."

"ஏன்? நல்லாதான கீதுன்ன?"

"நீ அங்க தூர தேசத்துல கீற. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா..."

பாதியில் நிறுத்திவிட்டாள். மாமா கதவோரம் வந்து நின்றார், கையில் செருப்பு. பொடி நல்லதுதான் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய், தம்பிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அது அவளுக்கே கேட்டுவிட்டது. அவள் தன் காலைப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணு ஆச்சின்னா எனக்கு யார் இருக்காக்கா?" என்றேன். இப்படியெல்லாம் நாங்கள் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது.

அவள் மாமா பக்கம் திரும்பி, "என்னங்க, வண்டிய எடுங்க" என்றாள். மாமா ஏற்கெனவே ஒரு செருப்பை மாட்டிவிட்டிருந்தார்.

9

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். நாலு நாள் படுக்கையில் வைத்து ஊசி போட்டார்கள். விரலுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்று சொன்னதாக மாமா சொன்னார். அந்த 'இப்போதைக்கு' எனக்குப் பிடிக்கவில்லை. அதை மருத்துவர் சொன்னாரா, மாமா சேர்த்தாரா என்று மூன்று முறை கேட்டேன். அவர் போனை மடித்து அக்கா கையில் கொடுத்துவிட்டார்.

பொடிக் குழுவிலிருந்து அக்கா விலகவில்லை. அந்தப் பெண் பாவம், விலகினால் அவளைத் திட்டுவார்கள் என்கிறாள். வாங்குவதில்லை, அவ்வளவுதான். காணொளி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் மூன்றாவது முறையும் புகார் கொடுத்திருக்கிறேன். நேற்று அந்தப் பச்சைத் துண்டுக்காரர் என் கைபேசியில் தானாகவே வந்தார், சர்க்கரையா, கவலை வேண்டாம் உறவே என்று. நான் மருத்துவரிடம் போனது இவனுக்கு எப்படித் தெரிந்தது? வீட்டில் யாரும் அதை ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை. இனியா மட்டும், "கைபேசியை அணைத்து வையுங்கள்" என்று சுத்தத் தமிழில் சொன்னாள். இப்போது அவளும் அத்தையிடம் வாரத்துக்கு ஒருமுறை, "சாப்பிட்டீர்களா" என்று கேட்கிறாள். அக்கா அந்த 'சாப்பிட்டீர்களா'வைத் தெருவுக்கே போட்டுக் காட்டியிருக்கிறாள்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவள் காலைச் சாப்பாடு முடித்த பிறகு, கூப்பிடுவாள். முதலில் இரண்டு பேரும் அன்றைய மாத்திரையைப் படம் பிடித்து அனுப்புவது என்று இருந்தோம். இரண்டாவது நாளே அவள் முதல் நாள் படத்தைத் திரும்ப அனுப்பினாள், விரலில் அதே மஞ்சள் கறை. கண்டுபிடித்துக் கேட்டேன். நீ அனுப்பினது மட்டும் புதுசா, பின்னாடி அதே கப்பு, அதே ஈரம், என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். அதோடு படம் கிடையாது. நேருக்கு நேர்தான்.

சின்ன வயதில் அம்மா கரும்பு வெட்டுக்குப் போகும் முன் வேப்பங்கொழுந்து உருண்டையை உருட்டி வைத்துவிட்டுப் போவாள். அதை எனக்கு விழுங்க வைக்கிற பொறுப்பு அக்காவுக்கு. நான் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விழுங்கிவிட்டேன் என்று தலையாட்டுவேன். கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவேன். ஒருநாள் பிடித்துவிட்டாள். அதிலிருந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விடுவாள். என் தலையாட்டலை அவள் அதற்குப் பிறகு நம்பியதே இல்லை.

இன்று காலை அவள் முதலில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். திரைக்குக் கிட்ட வந்து வாயைத் திறந்து காட்டினாள். நாக்கைத் தூக்கு என்றேன், தூக்கினாள். ஒன்றுமில்லை. சுத்தம்.

பிறகு என் முறை. போட்டேன், விழுங்கினேன், வாயைத் திறந்தேன். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பின்னால் இனியா பையை மாட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமாக்கா? போயிட்டு வரேன்" என்றேன்.

அக்கா கண்ணைச் சுருக்கி என்னை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் நான் பார்க்கிற பார்வை.

"நம்பறேன்டா" என்றாள். "நாக்கத் தூக்கு."

தூக்கிக் காட்டினேன்.